பிரிக்காத பெட்டி

16 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மகேன் எழுதுறேன். எனக்கு ஒடம்புக்கு ஒன்னும் இல்ல. சோறு எறங்குது, தூக்கமும் வருது. அங்க நீ, மாமா, மலர் மூனு பேரும் எப்படி இருக்கீங்கன்னு எழுது. பொங்கலுக்கு வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒக்காந்து பத்து நிமிசம் பேசிட்டுப் போனதோட சரி. மூனு பஸ் மாறணும், ஒரு நாள் சம்பளம் போவும், அதனால வரச் சொல்லல. லெட்டர் மட்டும் போடு.

தமிழ்ல எழுதுனா லேட்டாவும்னு இங்க சொல்றாங்க. தமிழ் படிக்கத் தெரிஞ்ச வார்டர் ஒருத்தர்தான். வர்ற லெட்டர், போற லெட்டர் எல்லாத்தயும் அவருதான் வியாழக்கிழமைல படிச்சு சாப் முத்திரை அடிச்சு விடுவாரு. மலாய்ல எழுதுனா ரெண்டே நாள். ஆனா உனக்கு மலாய்ல எழுத ஒக்காந்தா தோட்டத்து ஆபீஸ் கிராணிக்கு லீவு லெட்டர் எழுதுற மாதிரி இருக்கு.

விசயத்துக்கு வரேன். ஈப்போவுல சீடி கடைல வேலை செஞ்சப்ப ஒரு டிஸ்க் பெட்டி வாங்கினேன், ஞாபகம் இருக்கா? மேகத்துறைமுகம், ஜப்பான் கார்ட்டூன். சின்ன வயசுல தோட்டத்து லயத்துப் பசங்க எல்லாம் கூடி டிவில பாப்போமே, அதோட கடைசிப் படம். தொலஞ்சு போன தம்பியத் தேடி கப்பல் ஓட்டிட்டுப் போவான் கப்டன். வருசக்கணக்கா தேடிட்டு, கடைசிப் படத்துல அந்தத் துறைமுகத்துக்கே வந்துடுறான். அங்க யாருமே இல்ல. காலி வீடு. அதக் கூட்டுறான், அடுப்பப் பத்த வெக்கிறான், கஞ்சி காய்ச்சுறான். இருவது நிமிசம் ஒரு வார்த்த இல்ல. அப்படியே படம் முடிஞ்சிடும். ஈப்போவுல ஒரு ஹால்ல போட்டாங்க, நாங்க எல்லாம் மினரல் வாட்டர் போத்தலத் தூக்கித் திரைல அடிச்சோம். ஜப்பான்லயும் ஒரே சண்டை. கம்பெனிக்காரன் பயந்துபோய் பெட்டியெல்லாம் திருப்பி வாங்கிட்டு, தம்பி கெடைக்கிற மாதிரி வேற முடிவு எடுத்து வித்தான்.

என்கிட்ட இருக்கறது மொத முடிவு. அந்த எரிச்சல்ல நான் பிரிக்கவே இல்ல. இப்ப அதே முடிவத்தான் பெரிய படம்னு ஒலகம் பூரா பேசுறாங்களாம். மொத முடிவு, பிரிக்காத பெட்டி, ரொம்பக் கொஞ்சந்தான் மிச்சம் இருக்காம். அப்ப என்கூட கடைல இருந்த ஹரிதாஸ் லெட்டர் போட்டிருந்தான். இப்ப பழைய பொம்ம, பழைய டிஸ்க் எல்லாம் வாங்கி விக்கிறான். அவன் சொன்ன வெலைல மலர் நர்ஸ் காலேஜுல சேரும்போது கட்ட வேண்டியது, ஹாஸ்டல், எல்லாம் முடிஞ்சிடும்.

அக்கா, மோகனா எங்களை உட்டுட்டு ஜொகூருக்குப் போனப்ப மலருக்கு மூனு வயசு. வளத்தது நீ. நான் குடிச்சேன், அடிச்சேன், ஒருத்தனோட மண்டைய ஒடச்சு ஜெயிலுக்கு வந்து ஒக்காந்திருக்கேன். இன்னும் ரெண்டு வருசத்துக்கு மேல இருக்கு. அப்பன்னு அவளுக்கு நான் செஞ்சது ஒன்னு கூட இல்ல. இந்தப் பெட்டி ஒன்னுதான் இருக்கு. தேடிப் பாரு.

தம்பி,
மகேன்

9 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுறது. நாங்க நல்லா இருக்கோம். உன் மாமாவுக்கு முதுகு வலி, லோரில ஏறி எறங்கும்போது அம்மா அய்யான்னு கத்துறாரு, மத்தபடி ஒன்னும் இல்ல. நீ ஒழுங்கா சாப்புடு.

பெட்டி கெடச்சிடுச்சு. பரண்ல, பழைய ஸ்வெட்டர் மூட்டைக்குக் கீழ. நீலப் பிளாஸ்டிக் சுத்தி அப்படியே இருக்கு. ஏன்டா, கார்ட்டூன் பெட்டிக்கா காலேஜ் பீஸ் கெடைக்கும்? உன் மாமா நம்பவே இல்ல, "உன் தம்பிக்கு உள்ள இருந்து இருந்து மண்ட கொழம்பிடுச்சு"ங்குறாரு. கல்யாணத்துக்கு முன்ன ஒரு மாசச் சம்பளத்தக் குடுத்து அத வாங்கிட்டு வந்து, முடிவு சரியில்லன்னு மூனு நாள் சோறு திங்காம மொகத்தத் தூக்கி வெச்சிருந்தியே, அந்தக் கூத்தச் சொல்லிச் சிரிச்சோம்.

மலருக்கு ரிசல்ட் நல்லா வந்திருக்கு. ஈப்போவுல ஒரு காலேஜ்ல எடம் குடுத்துட்டாங்க. சனவரில சேரணும், அதுக்கு முன்ன பணம் கட்டணும். கடன் கெடைக்கும்னு சொல்றாங்க, ஆனா அது வர்றதுக்கு நாளாவும், சேரும்போது கைல இருக்கணுமாம். உன் பெட்டி விசயத்த அவகிட்ட சொன்னேன். "ம்"னா. அவ்வளவுதான். உனக்கு ஒரு லெட்டர் போடுடின்னு சொன்னா வெளிய போய்த் துணி காயப் போடுறா. நான் என்ன செய்ய.

அன்பு அக்கா,
புனிதா

28 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் லெட்டர் வியாழக்கிழமை கைக்கு வந்துச்சு. மலர் ரிசல்ட்ட ரெண்டு தடவ படிச்சேன். பக்கத்துப் படுக்கை சுப்பன் அண்ணனுக்கும் படிச்சுக் காட்டினேன். எனக்குச் சளி, மருந்து குடுத்தாங்க, கொறஞ்சிடுச்சு.

பெட்டியப் பத்தி நல்லா கேட்டுக்கோ. பிளாஸ்டிக்க எடுக்கக் கூடாது. பனி, ஈரம் படக் கூடாது. அடுப்புப் பக்கம் வேணாம், எலி ஓடுற எடம் வேணாம். வீட்டுல எது ரொம்பப் பத்திரமான எடமோ அங்க வை. ஹரிதாஸ் அக்டோபர் பத்தொன்பது, சனிக்கிழமை, தோட்டத்துக்கே வந்து பாத்து எடுத்துக்குவான். கைல பணமாவே குடுத்துருவான். நல்லவன்தான்.

பணம் வந்ததும் மலருகிட்ட "இது உங்கப்பா குடுத்தது"ன்னு ஒரு வார்த்த சொல்லு. அவ பதில் சொல்லலன்னாலும் பரவால்ல, காதுல உளுந்தா போதும்.

தம்பி,
மகேன்

20 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

இங்க எல்லாருக்கும் சொகந்தான். உனக்குச் சளி நல்லாக் கேட்டுடுச்சா? ராவுல காத மூடிக்கிட்டுப் படு.

மழ விடாமப் பேயுது. லெம்பா பெர்த்தாம் பக்கம் ரோடு சரிஞ்சு உன் மாமா லோரி அரை நாள் நின்னுபோச்சு, ஏத்துன கோபிஸ் காயெல்லாம் வாடிப் போச்சுன்னு ஒரே பொலம்பல். தேயிலை மலைல இப்ப நம்ம ஆளுங்க கொறஞ்சுட்டாங்க, பங்களாதேசிப் பசங்கதான் கொழுந்து வெட்டுற கத்திரி புடிக்கிறாங்க. பழைய ஆளுன்னு வேலை வாங்குற மண்டோர் என்னைய இன்னும் வெச்சிருக்காரு.

பெட்டிக்கு எடம் பாத்துட்டேன். பரண்ல ஈரம், அலமாரில கரையான். அதனால சாமி மேடைல, முருகன் படத்துக்குப் பக்கத்துல வெச்சிட்டேன். அங்க எலி வராது, யாரும் கைய வெக்க மாட்டாங்க. தெனம் வெளக்கு ஏத்தும்போது என் கண்ணு அதுமேலதான். இதவிடப் பத்திரமான எடம் நம்ம வீட்டுல ஏது?

கவலைப்படாம இரு.

அன்பு அக்கா,
புனிதா

8 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லா இருக்கேன், நீங்களும் நல்லா இருக்கணும். சளி போயிடுச்சு. அவசரமா ஒன்னு எழுதுறேன்.

பெட்டிய சாமி மேடைல வெக்காத அக்கா. ஊதுபத்திப் புகை ஏறும், எண்ணெ தெறிக்கும். அதவிட, அக்டோபர்ல ஆயுத பூஜ வருது. நீ என்ன செய்வன்னு எனக்குத் தெரியும்லா. கத்திரிக்கு, லோரிக்கு, மிக்சிக்கு, மலர் பொஸ்தகத்துக்கு, கண்ணுல படுறதுக்கெல்லாம் பொட்டு வெப்ப. இதுக்கு மட்டும் வெச்சிடாத. ஒரு சொட்டுச் சந்தனம் பட்டாலும் அவன் வாங்க மாட்டான். இந்த ஆளுங்களுக்குக் கடைல இருந்து வந்தது அப்படியே இருக்கணும். ஒரு துணில சுத்தி உன் துணிப் பெட்டிக்குள்ள வை. இன்னைக்கே எடுத்து வை.

வர்ற வியாழக்கிழமை இந்த லெட்டர் வெளிய வந்துடும்னு நெனைக்கிறேன். வார்டர் ஐயாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு பேசிக்கிறாங்க. கெடச்ச ஒடனே ஒரு வரி போடு.

தம்பி,
மகேன்

13 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

ரொம்ப நாளா உன் லெட்டரக் காணோம். ஒடம்பு எப்படி இருக்குடா? நாங்க நல்லா இருக்கோம், உன் மாமா முதுகுக்கும் தைலம் தேச்சுத் தேச்சு பரவால்ல.

ஆயுத பூஜ நல்லபடியா முடிஞ்சிச்சு. வெள்ளிக்கிழமை காலையிலயே வீட்டக் கழுவி, லோரிக்கு மாலை போட்டு, கத்திரி, அருவா, மலர் பொஸ்தகம் எல்லாத்தயும் அடுக்கினேன். நடுவுல உன் பெட்டி. இந்த வருசம் அதுதான முக்கியம். புள்ளையப் படிக்க வெக்கப் போற சாமான், அத சும்மா வெக்க முடியுமா?

பிளாஸ்டிக் மேல பொட்டு நிக்கலடா, வழிஞ்சு வழிஞ்சு ஓடுது. சரின்னு அந்தத் தோலக் கத்திரியால பதமா வெட்டி எடுத்துட்டேன். அட்டைல நாலு மூலைக்கும் சந்தனம் கொழச்சு வெச்சு குங்குமம் இட்டேன். காயிதத்துல ஒரு பட்டி சுத்தியிருந்துச்சு, அதுல பட்டைப் பட்டையா விபூதி. உள்ள ரெண்டு வெள்ளித் தட்டு, கண்ணாடி கணக்கா மின்னுது. அதுக்கும் ஆளுக்கு ஒரு பொட்டு. பாக்க லட்சணமா இருந்துச்சு. தேங்கா ஒடச்சப்ப அழுகல் இல்லாம வெள்ள வெளேர்னு ரெண்டாப் பொளந்துச்சு. உன் மாமா கூட, "சரி, உன் தம்பி காரியம் நடக்கும்"னாரு.

மலர் மட்டும் ஒரு மாதிரி பாத்தா. "அத்தை, பிரிக்கலாமா?"ன்னா. சாமிக்குத்தானடின்னேன்.

சனிக்கிழமை ஹரிதாஸ் தம்பி வந்ததும் எழுதுறேன்.

அன்பு அக்கா,
புனிதா

22 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா நல்லா இருக்கேன். மாமாவும் மலரும் சொகம்.

உன் செப்டம்பர் லெட்டர் போன புதன்கிழமைதான் ஆபீசுக்கு வந்துச்சு. படிச்சேன்.

ஹரிதாஸ் தம்பி வந்தாரு. தேத்தண்ணி குடிச்சாரு. பெட்டி வித்தாச்சு. நான் போன லெட்டர்ல பொட்டு வெச்சதா எழுதியிருந்தேன்ல, அதுக்கு அவரு ஒன்னும் சொல்லல. அது இன்னும் விசேசம்தான், இப்படி எங்கயும் கெடைக்காதுன்னு சொல்லி எடுத்துக்கிட்டாரு. நல்ல வெலை. பணம் பத்திரமா இருக்கு. நீ அதப் பத்தி அவருக்கு லெட்டர் கிட்டர் போடாத, பாவம், வேலையா அலையுற மனுசன்.

தீவாளிக்கு முறுக்கு சுட்டா உனக்கு அனுப்ப விடுவாங்களான்னு கேளு.

அன்பு அக்கா,
புனிதா

10 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். இங்கயும் தீவாளிக்குக் கோழிக் கறி போட்டாங்க. முறுக்கு அனுப்ப முடியாது, நெனச்சதே போதும்.

பெட்டி வித்தது சந்தோசம் அக்கா. ஹரிதாஸ் அப்படிச் சொன்னான்னா சரியாத்தான் இருக்கும். நான் அவனுக்கு எழுத மாட்டேன்.

மலருகிட்ட என் பேரச் சொல்ல வேணாம். அத்தை குடுத்தேன்னே சொல்லு. அவளுக்குன்னு ஒரு லெட்டர் எழுதி வெச்சிருந்தேன், அத அனுப்பல, கிழிச்சிட்டேன். மாமா லோரி ஓட்டுறாரா? ஞாயித்துக்கிழமைல நீ வீட்டுலதான் இருக்கியா? புதுசா வேலை கீலை எதுக்கும் போவலயே? சும்மாதான் கேக்குறேன்.

ஒன்னும் அவசரம் இல்ல. இந்த வருசம் சேர முடியலன்னா அடுத்த வருசம் சேரட்டும். புள்ளைக்கு வயசு இருக்கு.

தம்பி,
மகேன்

22 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு விக்னேஸ்வரி எழுதுறா. கைல லேசா அடி, பேனா புடிக்க சௌரியப்படல, அதுக்காக நீ ஒன்னும் நெனச்சுக்காத. ஒடம்பு நல்லாத்தான் இருக்கு.

மலருக்குப் பணம் கட்டியாச்சு. ரசீதுல மூனு சாப் அடிச்சுக் குடுத்தாங்க. ஆறாம் தேதி ஹாஸ்டலுக்குப் போறா. பக்கெட்டு, போர்வை, கால்ல போட வெள்ள சப்பாத்து எல்லாம் வாங்கியாச்சு. அடுத்த வருசம்னு எழுதியிருக்கியே, உனக்கு என்ன பைத்தியமா? உன் பெட்டிதான்டா கட்டுச்சு. அத்தை குடுத்தேன்னு நான் ஏன் பொய் சொல்லணும்? உங்கப்பா இருவது வருசம் பொத்தி வெச்சிருந்தது உனக்குத்தான்னு அவகிட்ட சொன்னேன். லயத்துல எல்லார்கிட்டயும் சொன்னேன். தங்கையா பெரியப்பா கூட, "மகேன் புத்திசாலிதான்"னாரு. நீ தல நிமிந்து இரு.

அன்பு அக்கா,
புனிதா

அண்ணே, விக்னேஸ்வரி எழுதுறேன். அக்கா ஒல வெக்க உள்ள போயிட்டாங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. நவம்பர்ல இருந்து அக்கா திரிங்காப்புல பூத் தோட்டத்துக்குப் போறாங்க. அங்க மொதலாளி தவுக்கேகிட்ட ஒரு வருச வேலைக்கு முன்கூட்டியே பணம் வாங்கிட்டாங்க. கத்திரி வேலை முடிஞ்சதும் லோரி ஏறுவாங்க, ஞாயித்துக்கிழமைல முழு நாள். போன வாரம் செவ்வந்தி வெட்டுற கத்தி வலது கைல எறங்கிடுச்சு. உள்ள நரம்பு போயிடுச்சாம். ரெண்டு வெரலு மடங்கல. இனிமே கத்திரி புடிக்க முடியாதுன்னு டாக்டர் சொல்றாரு. அக்கா நம்ப மாட்டேங்குறாங்க. எண்ணெ தடவிட்டே இருக்காங்க.

12 சனவரி 2025

அக்கா,

நல்லா இருக்கியான்னு கேக்க எனக்கு வாய் வரல.

நீ ஆயுத பூஜ முடிஞ்சு எழுதுனதும், ஹரிதாஸ் வந்துட்டுப் போனப்புறம் எழுதுனதும் ஒரே வியாழக்கிழமை என் கைக்கு வந்துச்சு. ஒன்னப் படிச்சிட்டு இன்னொன்னப் பிரிச்சேன். பொட்டு வெச்ச பெட்டிய எவனும் வாங்க மாட்டான், ஹரிதாஸ் கண்டிப்பா வாங்க மாட்டான். நீ பொய் சொல்றன்னு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் சந்தோசம்னு எழுதினேன். உன் மனசு நோவக் கூடாதுன்னு எழுதினேன். அப்பவே நிறுத்தச் சொல்லியிருந்தா உன் கை போயிருக்காது.

உம்மேல கோவம் இல்ல. பத்திரமான எடத்துல வைன்னு எழுதுனது நான். நீ வேற எங்க வெப்ப? எனக்குத் தெரியும்ல நம்ம வீட்ட. நேர்ல இருந்தா எட்டி எடுத்துத் துணிப் பெட்டில போட்டிருப்பேன், ரெண்டு நிமிச வேலை. இங்க இருந்து ஒரு காயிதத்த அனுப்பிட்டு, ஒரு மனுசனுக்கு ஒடம்பு சரியாவற வரைக்கும் ஒக்காந்திருந்தேன்.

பூத் தோட்டத்துக்கு இனிமே போவாத. தவுக்கேகிட்ட மாமாவப் பேசச் சொல்லு. மலருகிட்ட உண்மையச் சொல்லிடு. அவ அப்பன் ஒன்னும் குடுக்கல, இப்பவும் அவ அத்தைதான் குடுத்தா. அத நான் வெச்சுக்க முடியாது அக்கா.

மகேன்

12 பிப்ரவரி 2025

அப்பாவுக்கு,

மலர் எழுதுறேன். நல்லா இருக்கீங்களா? இப்படித்தான் ஆரம்பிக்கணும்னு அத்தை சொல்லிக் குடுத்திருக்காங்க. நான் நல்லா இருக்கேன். ஹாஸ்டல் சாப்பாடு ஓகேலா.

தைப்பூச லீவுக்குத் தோட்டத்துக்குப் போனேன். ஆபீஸ்ல கிராணி உங்க லெட்டரக் குடுத்தாரு. வழியிலயே பிரிச்சிட்டேன். அத்தை பேருக்கு வந்தது, பிரிச்சது தப்புதான்.

வீட்டுக்குப் போனா அத்தை கையெல்லாம் எண்ணெ. விக்னேஸ்வரி அக்கா, தங்கையா தாத்தா எல்லாம் ஒக்காந்திருந்தாங்க. "தம்பி என்ன எழுதியிருக்கான், சத்தமா வாசி"ன்னாங்க. நான் நின்னுக்கிட்டே வாசிச்சேன். நீங்க எழுதாதத வாசிச்சேன். பெட்டி வித்தது சந்தோசம், மலரு படிக்கிறது பெருமையா இருக்குன்னு. அத்தை அழுதாங்க. "பாத்தீங்களா, என் தம்பி"ன்னு தாத்தாகிட்ட சொன்னாங்க. அப்புறம் லெட்டரக் கேட்டாங்க, எடுத்து வெக்கணும்னு. பஸ்ல உளுந்துடுச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

எனக்கு எல்லாம் தெரியும். ஹரிதாஸ் மாமா வந்தப்ப நான்தான் தேத்தண்ணி போட்டேன். அவரு பெட்டியத் தூக்கிப் பாத்தாரு, திருப்பி வெச்சாரு. தட்டுல சந்தனம் காஞ்சு கீறல் உளுந்திருந்துச்சு. அத்தை ஈரத் துணி எடுத்துட்டு வந்து, "தொடச்சிடுறேன் தம்பி, இப்பத் தொடச்சிடுறேன்"னு தொடச்சாங்க. அட்டை இன்னும் ஊறி சிவப்பாயிடுச்சு. அவரு எழுந்து போயிட்டாரு. அத்தை அன்னைக்குச் சாப்புடல. ரெண்டு நாள் கழிச்சு திரிங்காப்புக்குப் போயி தவுக்கேகிட்ட பணம் கேட்டாங்க. வேணாம்னு நான் கத்தினேன், காலேஜே வேணாம்னு சொன்னேன். "உங்கப்பன் பேரக் கெடுத்துட்டேன்டி, நான்தான் சரி பண்ணணும்"னாங்க.

பெட்டிய நான் எடுத்துட்டு வந்துட்டேன். ஹாஸ்டல்ல ஒருத்தி லேப்டாப்ல போட்டுப் பாத்தோம். ரெண்டாவது தட்டு நிக்குது, ஓடுது, நிக்குது. கடைசி இருவது நிமிசம் முழுசா ஓடுச்சு. நெட்ல இன்னமும் அந்த முடிவுக்குச் சண்டை போடுறாங்க. எனக்குப் புடிச்சிருந்துச்சு. ஏன் போத்தல எறிஞ்சீங்கன்னு தெரியல.

உங்கமேல எனக்குக் கோவம் போவல. போவுமான்னு தெரியல. ஆனா ஒன்னு கேக்குறேன். அத்தைக்கு ரெண்டு வெரலு போயிடுச்சு. மண்டோர் வேற வேலை தரேன்னு சொல்லி இன்னும் தரல. தவுக்கே தெனம் ஆள் அனுப்புறான், மாமா ஒத்த ஆளா ஓடுறாரு. அத்தைகிட்ட மிச்சம் இருக்கறது, நீங்க நம்பிட்டீங்கன்னு ஒரு நெனப்புதான். அத எடுத்துடாதீங்க. தொலஞ்ச லெட்டருக்குப் பதிலா இன்னொன்னு எழுதுங்க. நான் வாசிச்ச மாதிரியே எழுதுங்க. எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுவாங்க, அதுக்கு ஏத்த மாதிரி எழுதுங்க. உங்களால முடியும்.

மலர்

20 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மகேன் எழுதுறேன். நான் ரொம்ப நல்லா இருக்கேன், கொஞ்சம் சதை கூட போட்டிருக்கு. அங்க நீ, மாமா, விக்னேஸ்வரி, தங்கையா பெரியப்பா எல்லாரும் சொகமா இருப்பீங்கன்னு நம்புறேன். போன லெட்டர் தொலஞ்சிடுச்சுன்னு மலர் எழுதியிருந்தா. ஆமாக்கா, மலர் எனக்கு லெட்டர் போட்டிருக்கா. அதனால அதையே திரும்ப எழுதுறேன்.

பாத்தியா, கார்ட்டூன் பெட்டின்னு நீயும் மாமாவும் சிரிச்சீங்க. இருவது வருசம் பிரிக்காம வெச்சிருந்தேன்ல, சும்மாவா? நல்ல வெலைக்குப் போச்சு. நீ பொட்டு வெச்ச கை ராசி. ஹரிதாஸே சொல்லிட்டான், அது மாதிரி இன்னொன்னு எங்கயும் கெடைக்காதுன்னு. இங்க சுப்பன் அண்ணன்கிட்ட, வார்டர் ஐயாகிட்ட, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். வார்டர் ஐயா உன் லெட்டரெல்லாம் படிச்சவரு. என் தோள்ல தட்டிட்டுப் போனாரு.

கைல லேசா அடின்னு எழுதியிருந்த. ஆறிடும். பெட்டிக் காசு இருக்கும்போது உனக்கு என்ன கொற, வேற வேலைக்கெல்லாம் போவாம வீட்டுல இரு.

யாராவது கேட்டா தெகிரியமா சொல்லு அக்கா, என் மகளை நான்தான் படிக்க வெக்கிறேன்னு.

இப்படிக்கு,
மலரோட அப்பா
மகேன்